பன்மொழித் தளமும் டொமைன் பெட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே தளத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்துகிறவர்கள் மொழிக்கு ஒரு டொமைன் கொடுப்பதுண்டு. மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பெட்டி இருக்கும். அதில் டொமைனை எழுதிச் சேமித்தால் வேலை முடிந்தது. முடிந்தது என்று நினைத்த பிறகு வருகிற கேள்விகள்தான் கீழே இருக்கின்றன. தளம் நடத்துகிறவர்களுக்கு வருபவையும் உண்டு, அந்தப் பெட்டிக்கான நிரலை எழுதுகிறவர்களுக்கு வருபவையும் உண்டு.

ஆங்கில முகவரிகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். எக்ஸாம்பிள்.காம் என்று வந்தால் அது ஆங்கில எழுத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 'டாட்' என்றால் காமுக்கு முன்னால் வருவது, 'புள்ளி' என்றால் மெய்யெழுத்தின் தலையில் இருப்பது. இரண்டையும் புள்ளி என்றே சொல்லி நானே பலமுறை குழம்பியிருக்கிறேன்.

எந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

தளம் கட்டும் மென்பொருளான டிரூபலில் மொழிகள் பக்கத்துக்குப் போய், மொழியைக் கண்டறியும் முறைகளில் யூஆர்எல் என்பதன் அமைப்பைத் திறந்தால் இரண்டு வழிகள் தெரியும். ஒன்று, முகவரியில் டொமைனுக்கு அடுத்து மொழிக்கான முன்னொட்டைச் சேர்ப்பது. இன்னொன்று, மொழிக்கு ஒரு டொமைன் கொடுப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் மொழிக்கு ஒரு பெட்டி வரும். வேர்ட்பிரஸில் டபிள்யூபிஎம்எல், பாலிலாங்க் ஆகிய செருகுநிரல்களிலும் இதே வசதி உண்டு. இங்கே பெரும்பாலும் டிரூபலை வைத்தே பேசுகிறேன். அதன் நிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது, சோதனை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டியில் என்ன எழுத வேண்டும்?

பெயர் மட்டும். முன்னால் எச்டிடிபிஎஸ் வேண்டாம், பின்னால் சாய்கோடு வேண்டாம், கோலன் போட்டு (:8080 போன்ற) போர்ட் எண்ணும் வேண்டாம். டமில்.எக்ஸாம்பிள்.காம், அவ்வளவுதான்.

உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, எந்த டொமைனுக்காகக் கேட்கிறது என்பதை 'ஹோஸ்ட்' என்ற தலைப்பில் அனுப்புகிறது. மென்பொருள் அந்தப் பெயரை எடுத்து, உங்கள் பெட்டிகளில் இருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் அந்த மொழி. பெட்டியில் நீங்கள் எழுதுவதும் உலாவி அனுப்பப்போவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

தப்பாகப் போட்டால் தளம் திறக்காது, உடனே தெரிந்துவிடும். பிறகு எதற்குச் சோதனை?

தெரியாது என்பதுதான் தொல்லை. எந்தப் பெட்டியோடும் ஒத்துப்போகாவிட்டால் மென்பொருள் பிழை காட்டுவதில்லை. மொழியைக் கண்டறியும் அடுத்த முறைக்குப் போகும், கடைசியில் இயல்பு மொழியைக் காட்டும். தமிழ் டொமைனைத் திறந்தால் ஆங்கிலப் பக்கம் வரும். பார்ப்பவர் 'இன்னும் மொழிபெயர்க்கவில்லை போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

எதிர்த் திசையிலும் கெடும். மொழி மாற்றும் இணைப்புகளை மென்பொருள் இதே பெட்டியைப் பார்த்துத்தான் கட்டுகிறது. பெட்டியில் ஏற்கெனவே எச்டிடிபிஎஸ் இருந்து, நிரல் அதன் முன்னால் இன்னொன்றைச் சேர்த்தால், இரட்டைத் தலை முளைத்த முகவரி பக்கத்துக்குப் பக்கம் அச்சாகிவிடும்.

டிரூபல் இதை எப்படிச் சோதிக்கிறது?

எளிய தந்திரம்தான். நீங்கள் எழுதியதில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் எது இருந்தாலும் முதலில் உரித்துவிடுகிறது. பிறகு தானாக ஒரு எச்டிடிபியை முன்னால் ஒட்டி, முகவரியைப் பகுதிகளாகப் பிரிக்கும் பார்ஸ் யூஆர்எல் என்ற பிஎச்பி மொழிச் செயற்கூறிடம் கொடுத்து ஹோஸ்ட் பகுதியை மட்டும் வாங்குகிறது. வந்த பெயரை நீங்கள் முதலில் எழுதியதோடு ஒப்பிடுகிறது. ஒன்றாக இருந்தால் சரி. சாய்கோடோ போர்ட்டோ எச்டிடிபியோ கூட இருந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, 'டொமைன் பெயர் மட்டுமே இருக்கலாம்' என்ற பொருளில் அந்த மொழியின் பெயரோடு பிழைச்செய்தி வரும்.

எதற்கு உரித்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும்? எக்ஸாம்பிள்.காம் என்று வெறுமனே கொடுத்தால் பார்ஸ் யூஆர்எல் அதை ஹோஸ்ட் என்று எடுத்துக்கொள்ளாது, பாதை என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் ஒன்று ஒட்டினால்தான் அதற்கு விளங்கும். புதிதாகச் செருகுநிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிற இடம் இது.

இந்தச் சோதனையில் ஓட்டைகளும் உண்டு. பார்ஸ் யூஆர்எல் பிரித்துக் கொடுக்கும், சரிபார்க்காது. பிஎச்பி கையேடே அதைச் சொல்கிறது. பெயரின் நடுவில் இடைவெளி விட்டாலும் அப்படியே ஹோஸ்ட் என்று திருப்பித் தரும். பெரிய எழுத்தும் அப்படித்தான். டமில் என்பதன் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாகப் போட்டால் சோதனை ஒன்றும் சொல்லாது. ஆனால் டிரூபல் பயன்படுத்தும் சிம்ஃபனி என்ற நிரல் தொகுப்பு, உலாவியிடமிருந்து வரும் பெயரைச் சிறிய எழுத்தாக்கித்தான் கொடுக்கும். ஒப்பீடு தோற்றுவிடும். டொமைன் பெயரை வைத்துச் சர்வரைக் கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான், நிரலுக்கு அப்படியில்லை. நீங்களே எழுதும் நிரலாக இருந்தால் சேமிக்கும் முன் சிறிய எழுத்தாக்கிவிடுங்கள், அதற்குப் பயனரைத் திட்ட வேண்டாம்.

நல்ல ரெகெக்ஸ் ஒன்று போதாதா?

ரெகெக்ஸ் என்பது எழுத்து வரிசையின் வடிவத்தைச் சோதிக்கும் சூத்திரம். நல்ல ரெகெக்ஸ் என்று இணையத்தில் சுற்றிவருகிறவற்றில் பாதி பழையவை. விதிகளைப் பார்ப்போம். டாட்டுக்கும் டாட்டுக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு துண்டும் 63 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. முழுப் பெயர் 253ஐத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டும். துண்டின் முதலிலும் கடைசியிலும் இடைக்கோடு கூடாது. அடிக்கோடு கூடாது. எண்ணில் தொடங்கும் பெயர்களுக்கு ஒரு காலத்தில் தடை இருந்தது, 1989இல் வந்த ஆர்எஃப்சி 1123 என்ற இணைய விதிமுறை ஆவணம் அதைத் தளர்த்தியது. இன்னும் அந்தத் தடையோடு சுற்றும் ரெகெக்ஸ்கள் இருக்கின்றன.

கடைசித் துண்டில்தான் பெரிய அடி. 'இரண்டு முதல் நான்கு எழுத்து' என்று எழுதிவைத்தவர்கள் டாட் மியூசியத்தை வெளியே தள்ளினார்கள். சரி, நீளத்தை எடுத்துவிட்டு 'ஆங்கில எழுத்து மட்டும்' என்று வைத்தால்? டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்ற தமிழ் முடிவுகள் மூன்றும் வெளியே. உள்ளுக்குள் இவை ஆங்கில எழுத்தும் எண்ணும் இடைக்கோடும் கலந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. தமிழ் மென்பொருளே தமிழ் டொமைனைத் திருப்பி அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ் எழுத்தில் உள்ள டொமைனை அப்படியே பெட்டியில் போடலாமா?

போட அனுமதியுங்கள், ஆனால் அப்படியே சேமிக்காதீர்கள்.

தமிழில் நீங்கள் முகவரியைத் தட்டினாலும் உலாவி அதை ஆங்கில எழுத்து, எண்ணாக மாற்றித்தான் அனுப்புகிறது. அந்த மாற்றுமுறைக்குப் ப்யூனிகோட் என்று பெயர், 2003இல் ஆர்எஃப்சி 3492ஆக வந்தது. மாற்றிய ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் எக்ஸ், என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு இடைக்கோடும் இருக்கும். ஆகவே சர்வருக்கு வந்துசேரும் ஹோஸ்ட் பெயரில் தமிழே இருக்காது. பெட்டியில் தமிழ், வந்தது ப்யூனிகோட் என்றால் எப்போது ஒத்துப்போவது?

மாற்றியதைச் சேமியுங்கள், திரையில் தமிழைக் காட்டுங்கள். பிஎச்பியில் இண்டல் நீட்சியில் இதற்கான செயற்கூறு இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் யூஆர்எல் பொருளை உருவாக்கினாலே ஹோஸ்ட் மாறிவிடும். 63 எழுத்துக் கணக்கையும் மாற்றிய பிறகே பார்க்க வேண்டும், தமிழில் எத்தனை எழுத்து என்பது கணக்கில் வராது.

'எழுத்துகள் மட்டும்' என்று யூனிகோட் ரெகெக்ஸ் எழுதினேன். 'தமிழ்' என்ற சொல்லையே ஏற்க மறுக்கிறது. ஏன்?

யூனிகோடின் கண்ணில் அந்தச் சொல்லில் 5 குறிகள் இருக்கின்றன: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இவற்றில் எழுத்து என்ற வகையில் சேர்பவை மூன்றுதான். இகரக் குறியும் புள்ளியும் 'ஒட்டுக்குறி' என்ற வேறு வகை. எழுத்துகளை மட்டும் அனுமதித்தால் மி-யும் ழ்-உம் உடைந்துவிடும். ஒட்டுக்குறி வகையையும் சேருங்கள். ஆனால் ஒரு துண்டு ஒட்டுக்குறியில் தொடங்கக்கூடாது என்பது டொமைன் விதி. ஒற்றைப் புள்ளியோ காலோ முதலில் வந்தால் மறுத்துவிடலாம்.

கண்ணுக்குச் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஒத்துப்போகவில்லை. என்ன காரணமாக இருக்கும்?

இதற்குத்தான் அதிக நேரம் போகும். 'கௌரி' என்று தொடங்கும் ஒரு கடையின் தமிழ் டொமைனை ஒருமுறை நான் அமைத்தேன். பதிவு செய்தவர் தன் கணினியில் தட்டியிருந்தார், நான் என் கணினியில் தட்டினேன். திரையில் இரண்டும் ஒன்று. அரை நாள் டிஎன்எஸ்ஸைக் குடைந்த பிறகு, இரண்டு பெயரையும் குறி குறியாக எண்ணிப் பார்த்தேன். என்னுடையதில் 4: க, ஔகாரக் குறி, ர, ஈற்றில் இகரக் குறி. அவருடையதில் 5. ஔகாரக் குறிக்குப் பதிலாக அவர் ஒற்றைக் கொம்பைப் போட்டு, பக்கத்தில் ளகரத்தை வைத்திருந்தார். கௌரி, கெளரி. தட்டச்சில் இது அன்றாடம் நடப்பதுதான். ப்யூனிகோடில் இரண்டும் சம்பந்தமே இல்லாத இரண்டு பெயர்கள்.

யூனிகோட் இயல்பாக்கம் செய்தால் சரியாகாதா என்று கேட்பீர்கள். ஒகரத்துக்குச் சரியாகும். கொ என்பதை ஒரே குறியாகத் தட்டினாலும், கொம்பும் காலுமாகத் தனித்தனியே தட்டினாலும், இயல்பாக்கிய பிறகு ஒன்றாகிவிடும். ளகரம் தனி எழுத்து, அதை இயல்பாக்கம் தொடாது. நாமே கொம்பும் ளகரமும் வந்தால் ஔகாரமாக மாற்றிவிடலாமா? கூடாது. 'வெள்ளி'யும் 'தெளிவு'ம் என்ன ஆகும்?

ஸ்ரீ இன்னொரு வழுக்குப்பாறை. ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் ஒரே வடிவம்தான் தெரியும். தமிழ் எண்களும் உண்டு: ௧ என்பது ஒன்று, க என்பது எழுத்து, உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ௭, எ ஜோடியும் அப்படியே.

அப்புறம், கண்ணுக்கே தெரியாத இணைப்பான்கள். க்‌ஷ என்று கூட்டெழுத்தாகாமல் பிரித்து எழுத, நடுவில் அகலமில்லாத ஒரு குறியைச் சில விசைப்பலகைகள் போடும். பன்மொழி டொமைன்களுக்கான 2003 விதிமுறை அந்தக் குறியை நீக்கிவிடும். 2010இல் வெளியான, ஆனால் 2008 என்றே பெயர் பெற்ற புதிய விதிமுறை, புள்ளியை அடுத்து வந்தால் அதை விட்டுவைக்கும். விட்டுவைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. சிங்களத்தில் ஸ்ரீ லங்காவின் 'ஸ்ரீ'யைச் சரியாக எழுத அப்படியொரு இணைப்பான் வேண்டும். விளைவு என்னவென்றால், ஒரே பெயரைப் பழைய விதிப்படி ஒரு நிரலும் புதிய விதிப்படி இன்னொரு நிரலும் மாற்றினால் இரண்டு டொமைன் வரும். பைத்தானில் உள்ளேயே வரும் மாற்றி பழைய விதியில்தான் இருக்கிறது, புதியதற்குத் தனி நூலகம் வேண்டும். எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் பரிந்துரை எளியது: பெட்டிக்குக் கீழே, மாற்றிய ப்யூனிகோட் வடிவத்தை உடனுக்குடன் காட்டுங்கள். டொமைன் பதிவு செய்த இடத்திலும் அதே வடிவம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். மற்ற எச்சரிக்கைகளை எல்லாம் விட எனக்கு இதுதான் கைகொடுத்திருக்கிறது.

வெட்டி ஒட்டும்போது வரும் வெற்றிடங்கள்?

சத்தமில்லாமல் நீக்குங்கள். ஆனால் ஓரத்து வெற்றிடங்களை வெட்டும் பிஎச்பியின் ட்ரிம், உடையா இடைவெளியை நீக்காது. ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம் அதை நீக்கும், அகலமில்லா இடைவெளியை விட்டுவிடும். சாட் செயலியிலிருந்து ஒட்டிய பெயர்களின் வாலில் இவை தொங்கிக்கொண்டு வரும். சீன, ஜப்பானியப் பயனர்கள் உங்களுக்கு இருந்தால், அவர்களுடைய வட்ட வடிவ முற்றுப்புள்ளியை டாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். முகவரிப் பட்டையில் உலாவிகளும் அப்படித்தான் செய்கின்றன.

என் கணினியில் 8080 போர்ட்டில் ஓட்டிப் பார்க்கிறேன். போர்ட் இல்லாமல் எப்படி?

டிரூபலில் கவலை வேண்டாம். ஒப்பிடும்போது போர்ட்டைக் கழற்றிவிடுகிறது. இணைப்பு கட்டும்போது, இப்போது வந்திருக்கும் போர்ட்டையே புதிய டொமைனோடும் சேர்த்துவிடுகிறது. பெட்டியில் பெயர் மட்டும் போதும்.

இரண்டு மொழிக்கு ஒரே டொமைன் கொடுக்கலாமா? ஒன்றைக் காலியாக விடலாமா?

டொமைன் முறையில் இரண்டும் கூடாது. டிரூபல் இரண்டையும் தடுக்கிறது. இரண்டு மொழிக்கு ஒரே பெயர் என்றால், வரிசையில் முதலில் நிற்கும் மொழிக்குத்தான் அது கிடைக்கும். இன்னொன்று எப்போதும் திறக்காது.

நீங்கள் எழுதும் சோதனையில், ஒரே பெயரா என்று பார்ப்பதை எல்லா மாற்றமும் முடிந்த பிறகு செய்யுங்கள். ஒரு பெட்டியில் தமிழ் எழுத்திலும் இன்னொன்றில் ப்யூனிகோடிலும் ஒரே டொமைன் இருந்தால், மாற்றும் முன் ஒப்பிட்டால் பிடிபடாது. கடைசியில் டாட் வைத்த பெயரும் அப்படி. டிஎன்எஸ்ஸில் அது முறையான எழுத்துதான், ஆனால் பெட்டியில் அதை வெட்டிவிடுவது நல்லது.

அந்த டொமைன் உண்மையில் இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டுமா?

சோதித்துச் சொல்லுங்கள், தடுக்காதீர்கள். டபிள்யூபிஎம்எல் இதைச் செய்கிறது. நீங்கள் கொடுத்த டொமைனைத் தானே திறந்து பார்த்து, பதில் சொல்வது இதே தளம்தானா என்று உறுதி செய்துகொள்கிறது. வேண்டாமென்றால் அந்தச் சோதனையின் டிக்கை எடுத்துவிடலாம். அந்த டிக் இருப்பது நல்லதற்குத்தான். தளம் தன்னைத்தானே அழைப்பதைத் தடுத்துவைத்திருக்கும் ஹோஸ்டிங்குகள் உண்டு. டிஎன்எஸ் மாற்றம் இன்னும் அந்தச் சர்வருக்கு வந்துசேராமலும் இருக்கலாம். எழுதியது சரியாக இருந்தும் சோதனை அதைத் தவறு என்று சொன்னால் பயனர் என்ன செய்வார்?

பாதுகாப்பு விஷயம் ஒன்றும் இருக்கிறது. யாரோ எழுதிய பெயரை உங்கள் சர்வர் போய்த் திறக்கிறது என்றால், அந்தப் பெயர் உள் நெட்வொர்க்கைக் காட்டிவிடலாம். கிளவுட் சர்வர்களில் 169.254.169.254 என்ற உள் முகவரியில் சர்வரின் இரகசியத் தகவல்கள் கிடைக்கும். உள் முகவரிகளுக்குப் போகாதபடி தடுத்துவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

எல்லாம் சரியாகத்தான் போட்டேன். புது டொமைனில் 400 பிழை வருகிறது.

டிரூபலில் நம்பகமான ஹோஸ்ட்களின் பட்டியல் செட்டிங்ஸ் கோப்பில் தனியாக இருக்கிறது. அதில் இல்லாத பெயரில் வரும் கோரிக்கையை 400 பிழையோடு மறுத்துவிடும். புது டொமைனை அங்கேயும் சேர்க்க வேண்டும். பைத்தானில் தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் இதையே அலவ்ட் ஹோஸ்ட்ஸ் என்பார்கள். தமிழ் டொமைன் என்றால் அங்கேயும் ப்யூனிகோட் வடிவம்தான். அது முடிந்ததும் எஸ்எஸ்எல் சான்றிதழைப் பாருங்கள். நட்சத்திரக் குறி போட்ட சான்றிதழ் ஒரு படி சப்டொமைனைத்தான் காக்கும், அதற்குள் இன்னொரு படி போனால் காக்காது.

தவறாகச் சேமித்துவிட்டேன். நிர்வாகப் பக்கத்துக்கே போக முடியவில்லை!

டிரூபல் என்றால், அதைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் ட்ரஷ் வழியாக மொழித் தேர்வுக்கான கட்டமைப்பை மறுபடி முன்னொட்டு முறைக்கு மாற்றி, கேச்சைத் துடையுங்கள். வேர்ட்பிரஸில் தளத்தின் முதன்மை முகவரியே கெட்டிருந்தால், கட்டமைப்புக் கோப்பில் முகப்பு முகவரியையும் தள முகவரியையும் நேரடியாக எழுதிவிடலாம், அது தரவுத்தளத்தில் உள்ளதை மீறும். இரண்டுமே சர்வருக்குள் நுழைய வழி இருந்தால்தான். அதனால் நிர்வாகம் நடக்கும் மொழியின் டொமைனை மாற்றும்போது மட்டுமாவது, 'இந்தப் பெயரில் இப்போது தளம் திறக்கவில்லை, இருந்தாலும் சேமிக்கட்டுமா?' என்று ஒரு கேள்வி கேட்பது நியாயம்.

பிழைச்செய்தியை எப்படி எழுதுவது?

'செல்லாத டொமைன்' என்று எழுதாதீர்கள். 8 மொழிப் பெட்டிகள் இருக்கும் பக்கத்தில் அது எந்தப் பெட்டி? 'தமிழுக்கான பெட்டியில் கடைசியில் ஒரு சாய்கோடு இருக்கிறது, பெயர் மட்டும் போதும்' என்றால் வேலை நடக்கும். உண்மையில் அந்தச் சாய்கோட்டை நீங்களே வெட்டிவிட்டால் செய்தியே தேவையில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: எச்டிடிபிஎஸ், சாய்கோடு, வெற்றிடம், பெரிய எழுத்து ஆகியவற்றில் பயனரின் எண்ணம் சந்தேகத்துக்கு இடமில்லாதது, அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரு பாதையே இருந்தால் அவர் முன்னொட்டு முறையைத் தேடி இங்கே வந்திருக்கலாம். அதை வெட்டாமல் கேட்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க எந்தப் பெயர்களைப் பயன்படுத்துவது?

எக்ஸாம்பிள்.காம், டாட் டெஸ்ட், டாட் இன்வேலிட் போன்றவற்றை 1999இல் ஆர்எஃப்சி 2606 இதற்கென்றே ஒதுக்கிவைத்தது. வாயில் வந்த பெயரைப் போட்டால் அது யாருடைய தளமாகவாவது இருக்கும். தமிழுக்கும் ஒருகாலத்தில் அப்படி ஒன்று இருந்தது. 2007இல், டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான், கடைசித் துண்டாக வரும் 11 சோதனைப் பெயர்களை டிஎன்எஸ்ஸின் வேர் அடுக்கில் போட்டபோது, தமிழில் உதாரணம்.பரிட்சை என்று ஒரு முகவரி வேலை செய்தது. பரீட்சை இல்லை, குறிலோடு பரிட்சை. பிறகு அவற்றை எடுத்துவிட்டார்கள். இப்போது நான் டாட் டெஸ்டுக்கு முன்னால் 'கௌரி', 'கெளரி' இரண்டையும் போட்டு, இரண்டு வெவ்வேறு பெயராகச் சேமிக்கிறதா என்று பார்க்கிறேன்.